ஆர் நிரல்மொழி மன்றம்: 5 எண்கள், கூட்டுத்தொகை 100 – அவசரம்

வெண்டைக்காய்: வணக்கம். ஐந்து எண்கள் வேண்டும், கூட்டினால் 100 வர வேண்டும். ரூனிஃப்(5) போட்டு 0-க்கும் 1-க்கும் இடையில் தற்செயலாக ஐந்து எண்கள் எடுத்து, அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்து, 100-ஆல் பெருக்கி, ரவுண்ட் போட்டேன். 17, 24, 31, 9, 20 வருகிறது. கூட்டிப் பாருங்கள், 101! நாளைக் காலை வழிகாட்டியிடம் காட்ட வேண்டும்.

எறும்பு: முழு எண்களா? கீழ் வரம்பு, மேல் வரம்பு உண்டா? எத்தனை தொகுதி?

கொக்கு: இதற்கெல்லாம் எதற்குத் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டும்? நான்கை சாம்பிளில் (தற்செயலாக எண் பொறுக்கும் கட்டளை) எடுங்கள், 100-இல் மீதி ஐந்தாவது. பத்து வருடமாக இப்படித்தான் செய்கிறேன்.

பழைய கணக்கு: உதவிப் பக்கத்தைத் திறந்து பார்க்கும் வழக்கம் ஒழிந்தே போய்விட்டது. ரவுண்ட் காலை வாரும் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். பெரிய பிழை அந்த வகுத்தலில் இருக்கிறது. எல்லாப் பிரிவினைக்கும் ஒரே வாய்ப்புத் தந்தால், ஏதாவது ஒரு பங்கு 50-ஐத் தாண்டுவது 31 சதவீதம் நடக்கும். ரூனிஃப்பை வகுத்தால் 4 சதவீதம்தான். எல்லாம் 20-ஐச் சுற்றியே மொய்க்கும். ரூனிஃப் இருந்த இடத்தில், சிறு எண்களை அதிகமாகவும் பெரிய எண்களை அரிதாகவும் தரும் ரெக்ஸ்ப் போடுங்கள், சரியாகும்.

வெண்டைக்காய்: மன்னிக்கவும், சொல்ல விட்டுப்போயிற்று. முழு எண்கள். ஒவ்வொன்றும் 10 முதல் 40 வரை. ஐந்து பயிர்களின் நிலப் பங்கு. 1000 தொகுதிகள்.

எறும்பு: இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். கொக்கு, 10 முதல் 40 வரை நான்கு எடுத்தால் அவற்றின் சராசரிக் கூட்டுத்தொகையே 100. ஐந்தாவது பயிருக்கு வரப்புதான் மிஞ்சும்.

கொக்கு: மீதி சரியில்லையென்றால் மறுபடி எடுப்பேன்.

யாழ்ப்பாணத்தான்: எழுமாற்று எண்களை (ராண்டம் எண்களை) இப்படி எடுப்பது...

பழைய கணக்கு: சமவாய்ப்பு எண் என்பதுதான் பாடநூல் வழக்கு.

யாழ்ப்பாணத்தான்: அது உங்கள் பாடநூல். எங்கள் பாடநூலில் எழுமாறுதான். ஆர்நார்ம் கட்டளை தரும் எண்களில் எங்கே ஐயா சமவாய்ப்பு? நடுவில் குவிந்தல்லவா கிடக்கிறது?

பழைய கணக்கு: கலைச்சொல்லைப் பதம் பிரித்துப் பொருள் சொல்லக் கூடாது.

யாழ்ப்பாணத்தான்: பொருள் சொல்லக் கூடாதென்றால் பிறகு எதற்குத் தமிழ்ச்சொல்?

எறும்பு: சண்டையைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். வெண்டைக்காய், ஆளுக்கு 10 முதலிலேயே கொடுத்துவிடுங்கள். மிஞ்சுவது 50. வரிசையாக 54 கட்டங்கள், அதில் 4 தடுப்புகள். தடுப்புகளுக்கு இடையில் விழும் கட்டங்கள்தான் ஒவ்வொன்றின் கூடுதல் பங்கு. சாம்பிள்(54, 4) எடுத்து, சார்ட் செய்து (ஏறுவரிசையாக்கி), முன்னால் 0, பின்னால் 55 ஒட்டி, டிஃப் போட்டு (அடுத்தடுத்த எண்களின் வித்தியாசம்), ஒவ்வொன்றிலும் 1 கழித்து, 10 கூட்டுங்கள். கூட்டுத்தொகை 100 தவறாது, ரவுண்டும் தேவையில்லை. ஏதாவது ஒன்று 40-ஐத் தாண்டினால் அந்தத் தொகுதியையே வீசிவிடுங்கள். தாண்டிய எண்ணை மட்டும் வெட்டி ஒட்ட வேண்டாம். நூற்றுக்குச் சுமார் 14 தொகுதிகள் வீணாகும். 1300 எடுத்தால் 1000 தேறும்.

வெண்டைக்காய்: வந்துவிட்டது! நன்றி.

எறும்பு: செட்.சீட் போட்டு, எண்கள் பிறக்கும் தொடக்க எண்ணை (சீட்) நிலைப்படுத்தினீர்களா? அதே எண்களை மறுபடி எடுத்துக் காட்டச் சொல்வார்கள். வழிகாட்டியின் கணினியில் ஆர் 3.6-க்கு முந்தைய பதிப்பு இருந்தால், ஒரே சீட் கொடுத்தாலும் சாம்பிள் வேறு எண்களைத் தரும்.

எறும்பு: வெண்டைக்காய்?