ஒரே வயதுள்ள இரண்டு ஆமைகளில் ஒன்று மட்டும் சிறியதாக இருப்பது ஏன்?

கேள்வி:
ஒரே நாளில் குஞ்சுகளாக வாங்கி, ஒரே தொட்டியில், ஒரே உணவைக் கொடுத்து ஐந்து ஆண்டுகளாக வளர்த்துவரும் என் இரண்டு சிவப்புக்காது ஆமைகளில் ஒன்றின் ஓடு 19 செ.மீ. நீளமும் மற்றதன் ஓடு 11 செ.மீ. நீளமும் உள்ளன. சிறியது அடிக்கடி பெரியதன் முகத்துக்கு நேரே நின்று, முன்னங்கால்களை நீட்டி, நகங்களைப் படபடவென்று அதிரச் செய்கிறது. பெரியதோ மூன்று நாட்களாகச் சரியாக உண்ணாமல், வெயில் காயும் மேடையைப் பின்னங்கால்களால் சுரண்டியபடியே இருக்கிறது. உணவைக் கூட்டினால் சிறியதும் வளர்ந்துவிடுமா? இவை இனப்பெருக்கப் பருவத்தை அடைந்துவிட்டனவா?

முதல் பதில்:
சிறியது பெரும்பாலும் ஆணாக இருக்கும். அதன் வளர்ச்சி குன்றிவிடவில்லை. இந்த இனத்தில் பெண்ணே பெரிதாக வளரும். முன்னங்கால் நகங்கள் நீண்டும், வால் தடித்தும், கழிவுத்துளை ஓட்டின் விளிம்பைத் தாண்டியும் இருந்தால் ஆண் என்று கொள்ளலாம். நகத்தை அதிரச் செய்வதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். இளம் ஆமைகளும், சில வேளைகளில் பெண்களும்கூட அவ்வாறு செய்வதுண்டு.

ஆமையின் பருவத்தை வயதைவிட உடலளவே தீர்மானிக்கிறது. ஆண் ஏறத்தாழ 10 செ.மீ. நீளத்திலேயே பருவமடைந்துவிடும், பெண்ணுக்கு 15 முதல் 19 செ.மீ. வரை தேவைப்படும். வெதுவெதுப்பான நீரும் தாராளமான உணவும் கிடைக்கும் வளர்ப்பு ஆமைகள் இந்த அளவை விரைவாக எட்டிவிடுகின்றன என்பதற்காக, உணவைத் திணித்து வளர்ச்சியை விரட்டுவது சரியன்று. மிகையான புரதமும் கொழுப்பும் ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். சுண்ணாம்புச்சத்தும் புற ஊதா ஒளியும் போதாமல் போனால் ஓடு மென்மையாகிக் கோணலாகும்.

இரண்டாம் பதில்:
பெரியது சுரண்டுவதைத்தான் நீங்கள் உடனே கவனிக்க வேண்டும். அது முட்டையிட இடம் தேடுகிறது என்றே நினைக்கிறேன். ஆணுடன் சேராத பெண் ஆமையும் முட்டையிடும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஈரமான மணலும் மண்ணும் கலந்து, குறைந்தது 20 செ.மீ. ஆழத்துக்கு நிரப்பிய ஒரு பெட்டியில் அதை ஆளரவமில்லாத இடத்தில் விடுங்கள். இடம் கிடைக்காவிட்டால் முட்டைகள் வயிற்றிலேயே தங்கி உயிருக்கு ஆபத்தாகலாம். சோர்ந்து கிடந்தாலோ, முக்கியும் முட்டை வெளிவராவிட்டாலோ, ஊர்வனவற்றைப் பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் தாமதிக்காமல் காட்டுங்கள். எக்ஸ்ரேயில் ஓடு கட்டிய முட்டைகள் தெளிவாகத் தெரியும்.

கேட்டவர்:
நீங்கள் சொன்னபடி பெட்டி வைத்த மறுநாள் இரவே ஏழு முட்டைகள் இட்டுவிட்டது. இப்போது நன்றாக உண்கிறது. இருவருக்கும் மிக்க நன்றி. இந்த முட்டைகளை அடைகாக்கலாமா?

மூன்றாம் பதில்:
அடைகாப்பதானால் முட்டைகளைப் புரட்டாமல், மேற்பக்கத்தில் பென்சிலால் ஒரு குறியிட்டு, கிடந்த நிலையிலேயே எடுத்து வையுங்கள். வெப்பநிலை 26 டிகிரி செல்சியஸை ஒட்டியிருந்தால் குஞ்சுகள் பெரும்பாலும் ஆணாகவும், 31 டிகிரியை ஒட்டியிருந்தால் பெண்ணாகவும் பொரிக்கும்; இரண்டு முதல் மூன்று மாதங்கள் ஆகும். ஆனால் ஒவ்வொரு குஞ்சும் 20 ஆண்டுகளுக்கு மேல் வாழக்கூடியது. ஏழுக்கும் இடமும் பொறுப்பான ஆளும் உறுதியாக இல்லையென்றால் அடைகாக்க வேண்டாம் என்பதே என் கருத்து. பிறகு குளத்தில் விட்டுவிடலாம் என்று எண்ணவே கூடாது, அங்குள்ள ஆமைகளின் இடத்தை இவை பறித்துக்கொள்ளும்.

ஆண் ஓயாமல் துரத்தினால் பெண் களைத்துக் காயமடையும் என்பதால் இரண்டையும் தனித்தனித் தொட்டிகளில் வைப்பது நல்லது. ஆணின் விந்தைப் பெண் உடலுக்குள் நெடுங்காலம் சேமித்து வைக்கும். ஆகவே பிரித்த பிறகு இடும் முட்டைகளிலும் கரு இருக்கக்கூடும்.