கல்லிடைக்குறிச்சி வீட்டு வாட்ஸ்அப் குழு: சனிக்கிழமையோடு முடிகிற வாரண்டி

செவ்வாய், 26 ஆகஸ்ட் 2025

பெரிய மாமா, காலை 9:12
இப்போதுதான் ஒரு போன் வந்தது. ஆச்சி வண்டிக்கு வாரண்டி சனிக்கிழமையோடு முடிகிறதாம். இன்றைக்கே 9,999 கட்டினால் இன்னும் இரண்டு வருடம் நீட்டித்துத் தருவார்களாம். லிங்க் அனுப்பியிருக்கிறான், கீழே போடுகிறேன். யாராவது கட்டிவிடுங்கள். என் போனில் பணம் போக மாட்டேன் என்கிறது.

பெரிய மாமா, 9:13
(லிங்க்)

தென்காசி சித்தி, 9:15
இன்றைக்கேயா?

நான், 9:15
அந்த லிங்கை யாரும் தொட வேண்டாம்.

அம்மா, 9:16
ஏன்டி

நான், 9:17
அது ஷோரூம் நம்பர் இல்லை, யாருடைய மொபைலோ. ஷோரூம்காரர்கள் இப்படி மொட்டை லிங்கில் பணம் கேட்க மாட்டார்கள். பெரிய மாமா, ஓடிபி ஏதும் சொன்னீர்களா?

பெரிய மாமா, 9:20
கேட்டான். கண்ணாடியை எடுத்து வருகிறேன் என்று வைத்துவிட்டேன். ஆனால் வண்டி நம்பர், என் பெயர், எடுத்த தேதி எல்லாம் சரியாகச் சொன்னானே மீனா.

அம்மா, 9:20
அந்தக் கண்ணாடி நல்லா இருக்கட்டும்

நான், 9:22
அந்த விவரமெல்லாம் எங்கெங்கோ சுற்றுகிறது மாமா. திரும்பக் கூப்பிட்டால் எடுக்காதீர்கள். தப்பித் தவறிப் பணம் போனால் அந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் பண்ண வேண்டும்.

கல்லிடை அத்தை, 9:24
காந்தி, நாளைக்குக் கொழுக்கட்டைக்கு மாவு இடித்ததா வாங்கினதா

அம்மா, 9:25
வாங்கினதுதான் மதினி. முட்டு முடியவில்லை.

சின்ன மாமா, 9:41
லிங்க் பொய். ஆனால் தேதி பொய் இல்லை. வண்டியை 2022 பிள்ளையார் சதுர்த்தி அன்று எடுத்தோம், ஆகஸ்ட் 31. மூன்று வருடம் அல்லது 1 லட்சம் கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அதோடு சரி. கிலோமீட்டர் நமக்குப் பாதிகூட ஆகவில்லை. வருடம்தான் முடிகிறது, 30-ஆம் தேதி, சனிக்கிழமை. எக்ஸ்டெண்டெட் வாரண்டி போடுவதென்றால் அதற்குள் போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போய் நின்றால் கிடையாது. நாளைக்கு லீவு. ஆக, வியாழன், வெள்ளி, சனி, மூன்றே நாள். எல்லோரும் இதைப் படித்துவிட்டுப் பதில் போடவும்.

தென்காசி சித்தி, 9:44
எங்கள் வண்டிக்கு இரண்டு வருடம்தானே சொன்னார்கள். இதற்கு எப்படி மூன்று?

சின்ன மாமா, 9:52
உங்களுடையது மாருதி, எடுத்தது 2023 மார்ச். மாருதியில் 2024 ஜூலை 9 முதல் டெலிவரி ஆன வண்டிக்குத்தான் 3 வருடம், 1 லட்சம் கிலோமீட்டர். அதற்கு முன்னால் 2 வருடம், 40,000. உங்களுக்குப் போன மார்ச்சோடு முடிந்தது கோமதி.

தென்காசி சித்தி, 9:53
அப்போது யாரும் சொல்லவில்லையே

சின்ன மாமா, 9:54
பிப்ரவரியில் மூன்று தடவை கூப்பிட்டேன். நீ எடுக்கவில்லை.

தென்காசி சித்தி, 9:54
அது வேறு விஷயத்துக்கு எடுக்கவில்லை அண்ணே, உங்களுக்கே தெரியும்

அம்மா, 9:55
அந்தப் பேச்சு வேண்டாம். நாளும் கிழமையுமா.

சங்கர் அத்தான், 10:10
குட் மார்னிங். எதற்கு இரண்டு வருடம் போட்டுக்கொண்டு? வண்டியை விற்றுவிட்டு மின்சார வண்டி எடுக்கலாம். தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் ஆலையே இந்த மாதம் 4-ஆம் தேதி திறந்தாயிற்று. நம் ஊர் வண்டி.

பெரிய மாமா, 10:14
ஆச்சியை உட்கார வைத்துக்கொண்டு சேரன்மாதேவியில் சார்ஜ் போட நிற்கவா? கார் அறுப்பு அடுத்த மாதம் இருக்கிறது, அதற்கே ஆள் கிடைக்கவில்லை.

சங்கர் அத்தான், 10:15
காரை எதற்கு அறுக்க வேண்டும் அப்பா 😄

கல்லிடை அத்தை, 10:16
பெங்களூர் போய் கார் நெல்லே மறந்து போச்சு பிள்ளைக்கு

சின்ன மாமா, 10:38
விற்பது பிறகு. இப்போது இதைக் கேளுங்கள். நான் ஷோரூமுக்கே போன் பண்ணிவிட்டேன், சர்வீஸ் புக்கின் பின் அட்டையில் இருக்கிற நம்பரில். நாலாவது, ஐந்தாவது வருடம் சேர்த்து 12,600. அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 2,268. மொத்தம் 14,868. நாலு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 3,717. ஒரு வருடம் மட்டும் என்றால் வரியோடு 8,496. இரண்டு வருடம் போடுவதுதான் என் கட்சி.

என்னவெல்லாம் சேரும் என்றால்: என்ஜின், கியர் பாக்ஸ், ஏசி கம்ப்ரஸர், ஸ்டியரிங் மோட்டார், ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர் மோட்டார், அந்தக் கம்ப்யூட்டர் பெட்டி. அதுவும் தன்னால் கெட்டால்தான். தேய்கிற சாமான் எதுவும் சேராது. பிரேக் பேடு, கிளட்ச் பிளேட், வைப்பர், பல்பு, ரப்பர், ஆயில், இதெல்லாம் நம் கைக்காசு. டயருக்கும் பேட்டரிக்கும் அந்தந்தக் கம்பெனி வாரண்டி தனி. இடித்தால் இன்சூரன்ஸ். வாரண்டி வேறு, இன்சூரன்ஸ் வேறு.

தென்காசி சித்தி, 10:40
வெள்ளத்துக்கு?

சின்ன மாமா, 10:51
சேராது. 2023 டிசம்பர் 18 எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். ஆச்சி பாளையங்கோட்டையில் அட்மிட் ஆகியிருந்தாள், ஆச்சி வண்டி என் வீட்டு வாசலில் நின்றது. சக்கரம் முங்குகிற அளவுக்குத் தண்ணீர். மீனாதான் சாவியை வாங்கி மடியில் கட்டிக்கொண்டாள், யாரையும் ஸ்டார்ட் பண்ண விடவில்லை. பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, வடிந்தபின் கட்டி இழுத்துப் போனோம். ஒன்றும் ஆகவில்லை. எதிர்வீட்டுக்காரர் வண்டி எடுத்து ஒன்பது மாதம். மறுநாள் சாவியைத் திருப்பினார். என்ஜினுக்குள் தண்ணீர் ஏறி கனெக்டிங் ராடு வளைந்துவிட்டது. வாரண்டியில் கேட்டால் தயாரிப்புக் குறை இல்லை என்றார்கள். இன்சூரன்ஸில் கேட்டால் என்ஜின் பாதுகாப்பு நீங்கள் தனியாகப் போடவில்லை என்றார்கள். பாவம், அந்த மனுஷன் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். அதனால் இன்சூரன்ஸ் புதுப்பிக்கும்போது அதையும் பார்க்க வேண்டும், அது நவம்பரில்.

அம்மா, 10:53
அந்த நாலு நாளை நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது

கல்லிடை அத்தை, 10:53
🙏🙏

பெரிய மாமா, 11:05
நல்லா ஓடுகிற வண்டிக்கு எதற்குப் பதினைந்தாயிரம். மூன்று வருடத்தில் ஒரு நாள் நின்றதில்லை.

நான், 11:09
நிற்கக் கூடாது என்றுதான் மாமா. மாதம் இரண்டு தடவை ஆச்சியை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறோம். வரும்போது இருட்டிவிடுகிறது. பத்தமடை தாண்டி ஸ்டியரிங் இறுகிப்போனால் ஆச்சியை எங்கே உட்கார வைப்பது? வண்டியைச் சரி பண்ணப் பணத்துக்கு யோசித்துக்கொண்டு பத்து நாள் நிறுத்திப்போட்டால் ஆஸ்பத்திரிக்கு எதில் போவது? சின்ன மாமாவின் பழைய வண்டி அப்படித்தானே நின்றது.

சங்கர் அத்தான், 11:10
ஐயோ ஆரம்பித்தாயிற்று

சின்ன மாமா, 11:24
ஆரம்பிக்கத்தான் வேண்டும். 34,000 கொடுத்தவன் நான். அந்த வண்டிக்கு நீட்டிப்பு வாரண்டி வைத்திருந்தேன், வெளிக்கம்பெனி, போனில் வாங்கினது. ஸ்டியரிங் மோட்டார் போனதும் எல்லா பில்லையும் கேட்டார்கள். ஒரு சர்வீஸ் பில் இல்லை. அண்ணன் இரண்டு மாதம் வண்டியை வைத்திருந்தபோது அம்பையில் தெரிந்த பையனிடம் ஆயில் மாற்றியிருக்கிறார். பில் கிடையாது. ஒரு சர்வீஸ் தவறியது என்று கை விரித்துவிட்டார்கள். நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் பண்ணிப் புகார் கொடுத்திருக்கலாம், நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருக்கலாம், இரண்டு வருடத்துக்குள் போக வேண்டுமாம். ஆச்சிக்கு அப்போது முடியாமல் இருந்ததால் அலையவில்லை. அது போகட்டும். இந்தத் தடவை கம்பெனி வாரண்டிதான், ஒவ்வொரு சர்வீஸும் பில்லோடுதான்.

பெரிய மாமா, 11:26
அந்தப் பையன் நல்ல ஆயில்தான் ஊற்றினான்.

சின்ன மாமா, 11:26
அண்ணே, ஆயிலை நான் குறை சொல்லவில்லை. பில்லைத்தான் சொல்கிறேன்.

பெரிய மாமா, 11:27
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அம்மா, 11:31
முருகேசா, போதும். நான் என் பங்கு 3,717 போட்டுவிடுகிறேன்.

நான், 11:40
பெரிய மாமா, வண்டி எவ்வளவு ஓடியிருக்கிறது? பானெட்டையும் திறந்து ஒரு போட்டோ அனுப்புங்கள். போடும் முன்னால் வண்டியைப் பார்ப்பார்கள்.

பெரிய மாமா, பகல் 12:20
(படம்) 38,412.

பெரிய மாமா, 12:22
(படம்)

நான், 12:25
மாமா, பேட்டரிக்குப் பக்கத்தில் அது என்ன, பஞ்சு மாதிரி?

பெரிய மாமா, 12:31
தேங்காய் நார். உமியும் கிடக்கிறது. எலி கூடு கட்டியிருக்கிறது. பக்கத்து வயலில் கதிர் பால் பிடிக்கிறது, இனி நிறைய வரும். மஞ்சள் ஒயர் ஒன்றைக் கொஞ்சம் கடித்திருக்கிறது, தோல்தான் போயிருக்கிறது. டேப் சுற்றிவிடவா?

சின்ன மாமா, 12:32
சுற்ற வேண்டாம்

நான், 12:32
வேண்டாம் மாமா! அப்படியே இருக்கட்டும்.

சின்ன மாமா, 12:39
எலி கடித்தது வாரண்டியில் வராது. ஆனால் நாமே டேப் சுற்றினால் ஒயரில் கை வைத்தது நாம்தான் என்று ஆகிவிடும். காசு கொடுத்து அவர்களிடமே மாற்றி பில் வாங்கிக்கொள்வோம். கூட்டை மட்டும் எடுத்துவிடுங்கள், ராத்திரி பானெட்டைத் திறந்து வையுங்கள், இருட்டில்தான் அது கூடு கட்டும். அப்புறம் அந்தப் போட்டோவில் சிவப்பு ஒயர் ஒன்று தனியாகத் தொங்குகிறதே, அது என்ன?

பெரிய மாமா, 12:41
அது ஹாரன். சங்கர் பொங்கலுக்கு வந்தபோது போட்டது.

சின்ன மாமா, 12:42
ஏலே சங்கரா

சங்கர் அத்தான், 12:58
ஆலங்குளம் ரோட்டில் லாரிக்காரன் ஒதுங்கவே மாட்டேன் என்கிறான் சித்தப்பா. வெளியே கடையில்தான் போட்டேன், ஒயரை வெட்டினானா என்று பார்க்கவில்லை.

சின்ன மாமா, 1:03
வெட்டித்தான் இருக்கிறான், ஒட்டு தெரிகிறது. வெளியே ஒயரை வெட்டிச் சேர்த்தால் மின்சாரப் பாகம் எதற்குமே வாரண்டி தர மாட்டேன் என்பார்கள். கழற்றிவிட்டுப் பழைய ஹாரனைப் போட வேண்டும்.

பெரிய மாமா, 1:05
பழைய ஹாரன் பரண் மேலே இருக்கும். ஆனால் இது நல்ல சத்தம். சங்கர் ஆசையாகப் போட்டான்.

கல்லிடை அத்தை, 1:06
அந்தச் சத்தத்துக்கு ஆச்சிக்கு நெஞ்சு அடைக்கிறது. கழற்றட்டும்.

தென்காசி சித்தி, 2:15
இதற்கு நடுவில் ஒன்று. அடுத்த வாரம் வளைகாப்புக்கு வண்டி வேண்டும். காலையில் ஆறு மணிக்கே தென்காசி வந்துவிட வேண்டும். பத்தமடைப் பாய் இரண்டு யார் கொண்டு வருகிறீர்கள்?

அம்மா, 2:16
பாய் நான். வளையல் வாங்கியாயிற்றா?

தென்காசி சித்தி, 2:16
வாங்கியாச்சு அக்கா. சொதி வைக்கணுமா அன்றைக்கு?

கல்லிடை அத்தை, 2:18
சொதி எதற்கு, அது கல்யாணத்து மறுநாள் சமையல். ஐந்து வகைச் சாதம் போதும்

அம்மா, 2:18
சொதி இருந்தால் நல்லாத்தான் இருக்கும் மதினி

சின்ன மாமா, 2:30
சொதியை அப்புறம் பேசலாம். கோமதி, உன் பங்கு?

தென்காசி சித்தி, 2:47
வளைகாப்பு முடியட்டும் அண்ணே. வண்டி எடுத்தபோதே என் பங்கைக் குறைத்துக் கொடுத்தேன் என்று இன்னும் பேச்சு இருக்கிறது. இதில் முழுதாகத் தருவேன், கொஞ்சம் நாள் கொடுங்கள்.

நான், 2:50
சித்தி, உங்கள் பங்கை நான் இப்போது போடுகிறேன். பிறகு தாருங்கள்.

தென்காசி சித்தி, 2:51
❤️

பெரிய மாமா, மாலை 5:35
சரி. போடுவது என்றே வைத்துக்கொள்வோம். இரண்டு வருடமா ஒரு வருடமா? எனக்கு ஒன்றே போதும் என்று படுகிறது. நடுவில் சங்கர் விற்கலாம் என்கிறான்.

சின்ன மாமா, 5:43
விற்றாலும் வாங்குகிறவர் பெயருக்கு மாற்றிக் கொடுக்கலாம் என்று ஷோரூமில் சொன்னார்கள், அதை எழுத்தில் காட்டச் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். சேராதவை என்று ஒரு பக்கம் இருக்கும், அதைப் படிக்காமல் கையெழுத்துப் போட மாட்டேன். அண்ணே, மூன்று வருட சர்வீஸ் பில்லும் உங்களிடம்தானே?

பெரிய மாமா, 6:20
(படம்) மொத்தம் ஐந்து இருக்கிறது.

சின்ன மாமா, 6:21
ஆறு இருக்க வேண்டும். 20,000-த்தில் செய்தது இல்லை.

பெரிய மாமா, 6:22
செய்தேன் முருகேசா. சத்தியமாக ஷோரூமில்தான் செய்தேன். தேடுகிறேன்.

நான், 6:25
கவலைப்படாதீர்கள் மாமா. அங்கே கம்ப்யூட்டரில் வண்டி நம்பரைப் போட்டால் சர்வீஸ் செய்த பதிவு, ஜாப் கார்டு, வரும். நகல் கேட்டு வாங்கிவிடலாம். வியாழக்கிழமை வண்டி பார்க்க இடம் இல்லையாம், வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்குச் சொல்லியிருக்கிறேன். நானும் சின்ன மாமாவும் அங்கே நிற்கிறோம். ஆர்.சி., இன்சூரன்ஸ், சர்வீஸ் புக், பழைய ஹாரன், நான்கையும் மறக்காமல் எடுத்து வாருங்கள்.

பெரிய மாமா, 6:27
ஹாரனை ஏறி எடுக்க ஆள் வேண்டும்.

சங்கர் அத்தான், 6:30
அப்பா பரணில் ஏறாதீர்கள். எதிர்வீட்டு அண்ணனிடம் சொல்கிறேன்.

கல்லிடை அத்தை, 6:52
வெள்ளிக்கிழமைதானே ஆச்சிக்குக் கண் டாக்டர்? பத்து மணிக்கு டோக்கன். இப்போதே கேட்கிறார்கள், வண்டி ஷோரூமில் நின்றால் நான் எதில் போவேன் என்று.

சின்ன மாமா, 6:53
ஆச்சியை முதலில் இறக்கிவிட்டு அப்புறம் ஷோரூம் வந்தால் என்ன?

அம்மா, 6:54
டாக்டர் வர பன்னிரண்டு ஆகும் எப்போதும்

நான், 6:55
ஷோரூமில் சனிக்கிழமை காலை கிடைக்குமா என்று கேட்டுப் பார்க்கிறேன்.

சின்ன மாமா, 6:55
சனிக்கிழமை வரைக்கும் தள்ளாதே மீனா. கடைசி நாள்.

பெரிய மாமா, 7:10
(குரல் பதிவு 0:38)

அம்மா, 7:14
என்ன அண்ணே, ஒன்றும் கேட்கவில்லை, ஆச்சி பின்னால் ஏதோ சொல்கிறாள்

கல்லிடை அத்தை, 7:16
கொழுக்கட்டைக்கு வெல்லம் போதுமா என்று கேட்கிறார்கள்