உளுந்தில் சுருங்கிக் கிடக்கும் புழு: குளவி வேலையா, வைரஸா?

கோரையாறு:
மன்னார்குடி பக்கம், நெல் தரிசில் ஆடுதுறை 3 உளுந்து, 35 நாள் பயிர். புரோட்டீனியா புழு (புகையிலை வெட்டுப்புழு) இருக்கு. ஆனா பல புழு வளராம, வெளிறிப்போய், இலையைத் தொடாம கிடக்கு. சிலது பக்கத்துல அரிசியைவிடச் சின்னதா ஒரு கூடு. புழுவுக்குள்ள முட்டை வைக்கிற குளவி, முட்டையோட வைரஸையும் சேர்த்து ஏத்துதுன்னு சொல்றாங்க. அந்தப் புழுவை அரைச்சுத் தெளிச்சா என்.பி.வி. (புழுவைக் கொல்லத் தெளிக்கிற வைரஸ்) மாதிரி பரவுமா? மருந்து அடிக்கலாமா, விடலாமா?

வெட்டாறு:
பரவாதுங்க. ரெண்டும் வேற வேற வைரஸ்.

என்.பி.வி. புழுவுக்குள்ளேயே பெருகும். செத்த புழு செடி நுனியில் தலைகீழாகத் தொங்கும். தொட்டால் தோல் கிழிந்து நீர் வடியும். அதை அரைத்துத் தெளித்தால் அடுத்த புழுவுக்குப் போகும்.

குளவி ஏற்றுவது பாலிட்னாவைரஸ். அதன் மரபணுக்கள் குளவியின் சொந்த மரபணுத் தொகுதியிலேயே பதிந்திருக்கின்றன. பிரக்கோனிட் என்ற குளவிக் குடும்பத்தில் இந்த உறவு ஏறக்குறைய 10 கோடி ஆண்டு பழசு. பெண் குளவியின் சூலகத்தில் ஒரு குறிப்பிட்ட பகுதியில் மட்டும்தான் வைரஸ் துகள் உருவாகும். துகளைக் கட்டத் தேவையான மரபணுக்கள் குளவியிடமே தங்கிவிடுவதால், புழுவுக்குள் போனது இன்னொரு துகளைப் பெருக்க முடியாது.

போன துகள் சும்மா இருப்பதில்லை. புழுவின் ரத்த அணுக்களில் புகுந்து தன் புரதங்களைச் செய்ய வைக்கும். வழக்கமாக அந்நியப் பொருள் எது வந்தாலும் அணுக்கள் அதைச் சுற்றி ஒட்டி, உறை கட்டி, கறுக்க வைத்துக் கொன்றுவிடும். இந்தப் புரதங்கள் அந்த ஒட்டும் தன்மையையும் கறுப்பதையும் தடுத்துவிடும். 1981இல் கேம்போலெடிஸ் சொனோரென்சிஸ் குளவியில் இதைச் சோதித்தார்கள்: கழுவிய முட்டையை மட்டும் புழுவுக்குள் வைத்தால் உறை கட்டிவிட்டது, சுத்திகரித்த வைரஸையும் சேர்த்து வைத்தால் முட்டை பிழைத்தது. நீங்க பார்க்கிற வளர்ச்சிக் குறைவிலும் தீனி குறைவதிலும் இந்த வைரஸுக்குப் பெரிய பங்கு உண்டு. குளவிப் புழு வெளியே வந்து கூடு கட்டின பிறகும் சில நாள் அந்தப் புழு உயிரோடுதான் கிடக்கும், ஆனா தின்னாது.

குடமுருட்டி:
அடிக்கிறதுக்கு முன்னாடி எண்ணிப் பாருங்க. ஒரு செ.மீ.க்குள் இருக்கிற புழுவா வயலில் பல இடத்திலிருந்து 30 எடுங்க. பெரிய புழுவை எடுத்தா கணக்கு தப்பாகும், ஏன்னா அதெல்லாம் குளவிக்குத் தப்பினது. குளவி கொட்டினது அந்த அளவுக்கு வளரவே வளராது. ஒரு டப்பாவுக்கு ஒரு புழு, மூடியில் ஊசி ஓட்டை, அடியில் காகிதம், தினமும் புது உளுந்து இலை. ஈரம் கோத்தா பூஞ்சை பிடிச்சுச் செத்துரும், அதையும் குளவிக் கணக்கில் சேர்த்துடாதீங்க. பத்து நாளில் எத்தனை கூடு வருதுன்னு தெரிஞ்சுடும்.

பாதிக்கு மேல் கூடு வந்தா மருந்தே வேண்டாம் என்பது என் கணிப்பு. சைபர்மெத்ரின் மாதிரி பூச்சிமருந்து அடிச்சா முதலில் சாவது குளவிதான்; அடுத்த முட்டைக் குவியல் பொரிக்கும்போது கேட்க ஆளிருக்காது.

குறைவா வந்தா புரோட்டீனியாவுக்கான என்.பி.வி.யை ஏக்கருக்கு 100 எல்.இ. (வைரஸில் செத்த 100 புழுவுக்குச் சமமான அளவு), 1 கிலோ நாட்டுச்சர்க்கரையோட சாயங்காலம் அடிங்க, வெயில் அதைக் கெடுத்துடும். காய்ப்புழு என்.பி.வி. இதுக்குக் கேட்காது. ஒண்ணு கவனம்: இதுவும் உள்ளே இருக்கிற குளவிப் புழுவைக் காப்பாத்தாது. வைரஸில் புழு சீக்கிரம் செத்தா குளவியும் சேர்ந்து போகும்.

கோரையாறு:
நன்றிங்க. நெல்லுக்குக் கட்டுற டிரைக்கோகிரம்மா (பூச்சி முட்டையைத் தாக்குற குட்டிக் குளவி) அட்டை இதுக்கு உதவுமா?

வெட்டாறு:
பெரிசா உதவாது. புரோட்டீனியா முட்டைக் குவியல் அடுக்கடுக்கா, மேலே ரோமம் மூடியிருக்கும். அடி அடுக்கு வரைக்கும் டிரைக்கோகிரம்மா போய்ச்சேராது. அது முட்டைக்குள்ளேயே வளர்ந்து முடிக்கிற குளவி, இந்த வைரஸும் அதுக்குக் கிடையாது. நெல் குருத்துப்பூச்சிக்கு ஜப்பானிகம் (டிரைக்கோகிரம்மாவில் ஒரு வகை) அட்டை, நட்ட 30, 37ஆம் நாள், ஏக்கருக்கு 2 சி.சி. (அட்டையில் ஒட்டின முட்டையின் அளவு)ன்னு வச்சுக்குங்க.

உளுந்துக்கு வரப்பில் ஆமணக்கு போடுங்க, தாய் அந்துப்பூச்சி அதில்தான் முதலில் முட்டை வைக்கும். சல்லடையான இலையைப் புழுவோட கிள்ளி, கொசுவலை கட்டின பானையில் போட்டு வரப்பு நிழலில் வைங்க. குளவி கண்ணி வழியா வெளியேறும், பெரிய புழு உள்ளேயே நிற்கும்.