புதுப்பிப்பு: காங்கேசன்துறையில் கப்பல் நிற்கும் நேரத்தில் யாழ்ப்பாணக் கோட்டை

சென்னையிலிருந்து கப்பலில் வந்த சித்தி குடும்பத்துக்கு அரைநாளில் கோட்டையை நடந்தே காட்டமுடியுமா என்று முன்பு கேட்டிருந்தேன். முடிந்தது. பதில் போட்ட எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது, 'வான் வண்டியைத் திரும்பி வரவும் சேர்த்துப் பேசுங்கள், நல்லூர் கந்தசுவாமி கோயிலைக் கடைசிக்கு விடுங்கள்' என்று சொன்ன அண்ணாவின் யோசனை. துறைமுகத்திலிருந்து பட்டணம் கிட்டத்தட்ட 18 கிலோமீட்டர். கப்பலுக்குத் திரும்ப வாகனம் தேடும் பதற்றம் இருக்கவில்லை.

வெயில் ஏறமுன்னமே உள்ளே போய், முதலில் மதில்மேல் நடந்தோம். ஐந்து மூலைக் கோட்டை. போர்த்துக்கேயர் தொடங்கியதை 1658இல் பிடித்த ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) பெருப்பித்தார்கள். பண்ணைக் கடல் பக்கம் நல்ல காற்று, தீவுப்பக்கம் போகும் பாதையும் வடிவாகத் தெரியும். உள்ளே நிழல் குறைவு, குடையும் தண்ணீரும் கட்டாயம். 1706இல் கட்டிய தேவாலயம் உள்நாட்டுப் போரில் இடிந்தது. அங்கே பெரிதாக நிற்க ஒன்றுமில்லை.

எதிர்பாராதது மதிற்கல்தான். முருகைக்கல், அதாவது பவளப்பாறைக் கல், என்று தெரியும், ஆனால் கிட்டப்போய்ப் பார்த்தால் பவளத்தின் நெளிவரிகள் அப்படியே மூளை மடிப்புபோல இருக்கின்றன. தம்பி அதைத் தடவிக்கொண்டே நின்றுவிட்டான், இழுத்துக்கொண்டு வரவேண்டியதாயிற்று.

அப்புறம் முனியப்பர் கோயில், பொது நூலகம் இரண்டுக்கும் நடந்தே போனோம். சித்தப்பாவுக்கு முழங்கால் வருத்தம், அவருக்கு மட்டும் ஓட்டோ. நல்லூரில் கும்பிட்டுவிட்டு நேரே துறைமுகம். கோயிலுக்குள் ஆண்கள் மேற்சட்டை கழற்றவேண்டும், வருகிறவர்களிடம் முன்னமே சொல்லிவையுங்கள்.