மாமாவுக்கு ஏன் அந்தப் பழைய செரோ பைக்தான் வேணுமாம்?

கொக்குவில்_மருமகன்

எல்லோருக்கும் வணக்கம். மனைவியின் அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். இவ்வளவு காலமும் ஸ்கூட்டியில் கந்தோருக்குப் போய் வந்த மனிசன், இப்ப மணலிலும் காட்டு வழியிலும் ஓடுகிற ட்ரெயில் பைக் ஒன்று வேணும் என்று நிற்கிறார். இங்கே யாழ்ப்பாணத்தில் மணற்காடு, மருதங்கேணிக் கடற்கரைப் பக்கம் ஓடித் திரிய வேணுமாம். கூட்டாளிமாரோடு நெடுந்தீவுக்கும் கொண்டுபோக வேணுமாம்.

சுவிஸில் இருக்கும் மச்சான், காசைப் பற்றி யோசிக்க வேண்டாம், நல்ல இழுவையுள்ளதாகப் பாருங்கோ என்றான். நானும் அலைந்து திரிந்து ஒரு 250 சி.சி. பைக் பார்த்து வைத்தேன். போட்டி ரகம். ரேடியேட்டர், உயரமான சஸ்பென்சன், சத்தம் கேட்டாலே நெஞ்சு துடிக்கும். மாமா அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். சீற்றில் கையை வைத்து ஒரு அழுத்து அழுத்தினார். "இது எனக்குச் சரிவராது தம்பி" என்றார். கதை முடிந்தது.

அவர் கண் வைத்திருப்பது 90களில் வந்த யமஹா செரோ 225 ஒன்றில். பெயின்ற் மங்கி, சைலென்சரில் துரு. கேட்கிற விலையோ துருவுக்கும் சேர்த்துத்தான் போல. இது வெறும் பழைய நினைப்பா, இல்லை உண்மையிலேயே இதில் விஷயம் இருக்கிறதா? வயதான ஆட்கள் எல்லாரும் ஏன் இந்த மாதிரிச் சாதுவான பைக்குகளையே தேடுகிறார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கோ, மச்சானுக்குப் பதில் சொல்ல வேணும்.

புத்தூர்_ரைடர்

20 குதிரைவலு. அவ்வளவுதான் அந்த 225இல். ஆனையிறவு நேர் றோட்டில் பஸ்காரன் ஹோர்ன் அடித்துக்கொண்டு உங்கள் மாமாவை முந்திப் போவான். 250ஐ எடுத்துக் கொடுங்கோ அண்ணை, ஓடிப் பழகினால் விடமாட்டார்.

கரவெட்டி_ஓய்வூதியர்

மருமகன் தம்பி, உம்முடைய மாமா சீற்றை அழுத்திப் பார்த்தார் என்று எழுதினீரே, அவர் அந்த இடத்திலேயே முடிவெடுத்துவிட்டார். மெத்தையையா பார்த்தார்? உயரத்தைப் பார்த்தார். போட்டிக்கென்று செய்த 250களின் இருக்கை நிலத்திலிருந்து 950 மில்லிமீற்றருக்கு மேலே நிற்கும். செரோ 225இல் அது 810. கிட்டத்தட்ட அரை அடி வித்தியாசம். இருபத்தைந்து வயதில் அரை அடியை நுனிக்காலில் சமாளித்துவிடலாம். அறுபது தாண்டினவன் மணலில் பைக் சரியும்போது உள்ளங்கால் முழுதும் நிலத்தில் பதியுமா என்றுதான் முதலில் பார்ப்பான்.

எடையைக் கேட்டால் சிரிப்பீர். இரண்டும் 100 கிலோவுக்குக் கொஞ்சம் மேலேதான். போட்டி பைக் இலேசானது, பழையது பாரமானது என்றெல்லாம் இல்லை. உயரமான பைக் ஒரு அளவுக்கு மேல் சரிந்தால் பிறகு பிடித்து நிறுத்த ஏலாது, அதுதான் பிரச்சினை. உயரம் குறைந்ததென்றால் காலை ஊன்றி இடுப்பால் ஒரு தள்ளுத் தள்ள நிமிர்ந்துவிடும்.

செரோவைச் செய்தவர்களே அதை நினைத்துத்தான் செய்தார்கள். 1985இல் யப்பானில் மலை வழிகளுக்கென்று விட்ட பைக் அது. இரண்டு சில்லும் இரண்டு காலும் சேர்ந்து ஏற வேணும், ஓடுகிறவன் காலை ஊன்றி ஊன்றிப் போக வேணும் என்பதுதான் அவர்களுடைய யோசனை. ஹாண்டில் நல்லாக வளையும். ஒழுங்கைக்குள் எதிரே மாட்டு வண்டில் வந்தால் அந்த இடத்திலேயே திருப்பிக்கொண்டு வரலாம்.

நான் விவசாயப் போதனாசிரியராக இருந்தவன். தோட்ட வரம்பு, பனங்கூடல், குளக்கட்டு என்று வேலைக்காகவே ட்ரெயில் பைக் ஓடினேன். இப்ப ஓடுவது என்னுடைய சந்தோசத்துக்கு. விடியப் புறப்பட்டு வல்லிபுரக் கோவிலடியால் மணற்காட்டுப் பக்கம் போவேன். தார் முடிகிற இடத்தில் இறங்கி ரயர்க் காற்றை 15 பி.எஸ்.ஐ. மட்டுக்கும் விட்டுவிடுவேன். பழைய சைக்கிள் பம் ஒன்று பின்னால் கட்டியிருக்கும், திரும்பும்போது அடித்துக்கொள்ள. பிறகு இரண்டாம் கியர். மணலில் முன்சில்லு தன் பாட்டுக்கு இங்கேயும் அங்கேயும் தேடும். அதை இறுக்கிப் பிடித்தீரோ, விழுந்தீர். கையைத் தளர்த்தி, பாரத்தைப் பின்னுக்கு வைத்து, அக்சிலேட்டரை ஒரே அளவில் பிடித்தால் பைக் தானே வழியைக் கண்டுபிடிக்கும்.

இங்கேதான் 20 குதிரையின் அருமை விளங்கும். செரோவின் எஞ்சின் மெல்லச் சுற்றினாலும் நின்றுபோகாது. முதலாம் கியரில் கிளச்சை முழுக்க விட்டாலும் நடக்கிற வேகத்தில் இழுத்துக்கொண்டு போகும். உம்முடைய 250 அப்படி இல்லை. அது சுற்று ஏறினால்தான் உயிர் வரும். அந்த உயிர் வந்த கணத்தில் பின்சில்லு மணலைத் தோண்டிக்கொண்டு அச்சு வரைக்கும் இறங்கிவிடும். அதை வெளியே இழுத்தெடுக்க இரண்டு பேர் வேணும். காலை ஆறு மணிக்கு அந்தக் கரையில் நானும் நண்டும்தான்.

சவுக்குக் காட்டுக்குள் நிலம் இன்னொரு மாதிரி. உதிர்ந்த சவுக்குத் தும்பு மணலை மூடியிருக்கும், காய்ந்தால் வழுக்கும். பழைய அந்தோனியார் கோவில் மணலுக்குள் புதைந்து சுவர் மட்டும் நிற்கிறதே, அதைத் தாண்டிக் குடத்தனைப் பக்கம் மெல்லப் போவேன். வேகத்தைக் கேட்டால் புத்தூர்த் தம்பி வெட்கப்படுவார். கரைவலை இழுக்கிற ஆட்கள் நின்றால் எஞ்சினை நிற்பாட்டிவிட்டு இறங்கிக் கதைப்பேன். தெரிந்த பெடியன் யாராவது நின்றால் ஒரு பை சூடை மீன் கிடைக்கும். சத்தம் போட்டுக்கொண்டு பறந்து போகிறவனுக்கு மீன் யார் கொடுப்பான்?

இன்னும் ஒன்று. மணல் மேட்டில் ஏறி விளையாட வேண்டாம் என்று மாமாவிடமும் சொல்லும், நீரும் ஏற வேண்டாம். அந்த மேட்டைப் பிடித்து வைத்திருப்பது அடம்பன் கொடியும் இராவணன் மீசையும்தான். பல்லுப் பல்லான ரயரால் நான்கு தரம் உழுதால் அடுத்த பலத்த காற்றுக்கு மணல் வீட்டு வாசலுக்கு வரும். மண் அள்ளுகிறவன் செய்கிற அநியாயம் போதும். எங்கள் பக்கத்து நாகர்கோவில், முகமாலைப் பக்கங்களில் ஆள் நடந்த தடம் இல்லாத இடத்தில் சில்லை இறக்கவே கூடாது. மிதிவெடி எடுத்து முடிந்த காணி எது, முடியாதது எது என்று போர்ட் பார்த்துத்தான் போக வேணும். மெல்லப் போகிறவனுக்குத்தான் போர்ட் கண்ணில் படும்.

பழைய நினைப்பா என்று கேட்டீர். இருக்கட்டுமே, அதில் என்ன பிழை? 1990இல் போர்க்காலப் பொருளாதாரத் தடை வந்த பிறகு பெற்றோல் போத்தலில் விற்ற சாமான். காபரேட்டருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, சூடேற மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடிய சனம் நாங்கள். அமுக்கம் குறைந்த எஞ்சின்தான் அதைத் தாங்கும். ஹொண்டா எம்.டி. 90 பைக் தாங்கியது. அமுக்கம் கூடினது மண்ணெண்ணெயைக் கண்டால் கடகடவென்று தட்டத் தொடங்கிவிடும். அப்படி வளர்ந்தவனுக்கு, தன் கையால் கழற்ற முடியாத எஞ்சினில் நம்பிக்கை வராது. 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூ.ஆர். காட்டி பைக்குக்குக் கிழமைக்கு 4 லீற்றர் வாங்கின நேரமும் இதே பைக்தான் என்னை வீட்டில் இருத்தாமல் வைத்திருந்தது. லீற்றருக்கு 30 கிலோமீற்றர் ஓடினால் 4 லீற்றரில் எவ்வளவு என்று நீரே பெருக்கிப் பாரும்.

சுன்னாகம்_கராச்

ஐயா ஓட்டத்தைச் சொல்லிவிட்டார், நான் வேலையைச் சொல்கிறேன். செரோ 225 எஞ்சினில் ஒரு சிலிண்டர், இரண்டு வால்வு, காற்றில் குளிர்வது. ரப்பெட் என்கிற வால்வு இடைவெளியைச் சரிபார்க்க ஃபீலர் கேஜ், ஸ்பனர், திருகாணித் திருப்பி போதும். நட்டைத் தளர்த்தி, திருகாணியைத் திருப்பி, திரும்ப இறுக்குவது. பழகின கைக்கு ஒரு தேத்தண்ணி ஆற முதல் முடிகிற வேலை. போட்டி ரகத்தில் கேம் ஷாப்டைக் கழற்றி, உள்ளே இருக்கிற சின்னத் தகட்டை அளந்து, அளவான இன்னொரு தகடு தேடிப் போட வேணும். அந்தத் தகடு இங்கே கடையில் கிடைக்காது, கொழும்புக்குச் சொல்லிக் காத்திருக்க வேணும்.

அதோடு அந்த ரகங்களுக்குக் கிலோமீற்றர் கணக்கு இல்லை, மணித்தியாலக் கணக்கு. இத்தனை மணித்தியாலத்துக்கு ஒயில், இத்தனை மணித்தியாலத்துக்குப் பிஸ்டன் என்று புத்தகத்திலேயே போட்டிருக்கும். பந்தயம் ஓடுகிறவனுக்கு அது சரி. மீன் வாங்கப் போகிறவருக்கு எதற்கு?

ஆனால் செரோ என்றால் ஒன்றும் பார்க்கத் தேவையில்லை என்று நினைக்க வேண்டாம். கடற்கரைக்குப் போய் வந்தால் அன்றைக்கே நன்னீரில் கழுவ வேணும். உவர்க் கிணற்றுத் தண்ணீரில் கழுவினால் கழுவாமல் விட்டது மேல். ஸ்போக், செயின், வயர் மூட்டுகள், இந்த மூன்றையும்தான் உப்பு முதலில் பிடிக்கும். எயார் ஃபில்ரர் பஞ்சை மண்ணெண்ணெயில் அலசிக் காயவைத்து, ஒயில் தடவிப் பிழிந்து போட வேணும். மணற்காட்டு மணல் மா மாதிரி, காய்ந்த பஞ்சென்றால் நேரே சிலிண்டருக்குள் போகும்.

பைக் பார்க்கப் போகும்போது துருவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் பண்ணிக் காட்டச் சொல்லுங்கோ. அக்சிலேட்டரைத் திருக இழுக்காமல் முக்கினால் காபரேட்டருக்குள் இருக்கிற ரப்பர் டயபிரம் கிழிந்திருக்கலாம், அது மாற்றக்கூடியது. நீலப் புகை வந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கோ. எல்லாவற்றுக்கும் முதல், எஞ்சின் நம்பரும் சேசி நம்பரும் பதிவுப் புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கோ. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தின பிறகு இரண்டு மூன்று பைக்கை ஒன்றாகப் பொருத்தின சாமான்கள் கனக்க வந்துவிட்டன.

ஸ்காபறோ_வாசி

இங்கே கனடாவிலும் இதே கதைதான். ரொறன்ரோவுக்குக் கிழக்கே கனரஸ்கா என்று ஒரு காடு இருக்கிறது. பறக்கிற மணலைப் பிடிக்கப் பைன் மரம் நட்டு உருவாக்கின இடம், மணற்காட்டுச் சவுக்கு ஞாபகம் வரும். ஞாயிறு காலையில் அங்கே போனால் தலை நரைத்த வெள்ளைக்காரர்கள் ஹொண்டா சி.ஆர்.எஃப். 230எஃப், யமஹா ரி.ரி.ஆர். 230 இறக்கிக்கொண்டு நிற்பார்கள். இரண்டும் 223 சி.சி., காற்றில் குளிர்பவை, பட்டனை அமத்தினால் ஸ்டார்ட். இளமையில் 450 சி.சி. ஓடினவர்கள்தான் பலரும். முழங்கால் ஒப்பரேசன், தோள்மூட்டு, முதுகு என்று ஆளாளுக்கு ஒரு கதை சொல்லுவார்கள். அதில் ஒருவர் என்னிடம் சொன்னது, 450இல் ஓடின காலத்தில் மரத்தைக் கண்டதே இல்லையாம், இடிக்கிற நேரம் தவிர.

அங்கே இந்த இரண்டையும் தேட வேண்டாம், விளக்கு சிக்னல் இல்லாத காட்டு வண்டிகள், றோட்டில் ஓட முடியாது. யமஹா ரி.டபிள்யூ. 200 கிடைத்தால் ஒருக்காப் பாருங்கோ. 1987இலிருந்து பெரிதாக மாறாமல் வருகிற பைக். ரயர் இரண்டும் பருமன், இருக்கை செரோவை விடவும் தாழ்வு. மணலுக்கு நல்லது, தார் றோட்டில் கொஞ்சம் அசமந்தம்.

கொக்குவில்_மருமகன்

எல்லோருக்கும் நன்றி. மச்சானுக்கு கரவெட்டி ஐயா எழுதினதை அப்படியே வாசித்துக் காட்டினேன். "சரி, மிச்சக் காசில் நல்ல ஹெல்மெற்றும் சப்பாத்தும் எடுத்துக் கொடு" என்றான். நம்பர் ஒத்துப்போனால் செரோதான்.

ஒரு சிக்கல். மாமி பின்சீற்றில் ஏறிப் பார்த்தா. சீலையோடு ஒரு பக்கமாக இருக்க இடமே இல்லையாம், கால் வைக்கிறது எங்கே என்று கேட்கிறா. வெள்ளிக்கிழமை நல்லூருக்கு எப்படிப் போகிறது என்று வீட்டில் ஒரே சண்டை. சீற்றை அகலமாக்கித் தைக்கலாமா?

கரவெட்டி_ஓய்வூதியர்

தைக்கலாம், ஆனால் வேண்டாம். சீற்றை அகலமாக்கினால் மாமாவின் கால் விரிந்து நிலத்துக்கு எட்டாது, நாங்கள் இவ்வளவும் எழுதினது வீண். சீலையும் செயினும் ஒரே பக்கத்தில் இருக்கிற விஷயமும் நல்லதில்லை. என் வீட்டுக்காரியும் முதல் நாளே சொல்லிவிட்டா, அந்தக் குதிரையில் தான் ஏறமாட்டன் என்று. அவ சொன்னது நியாயம்தான். அந்த ஸ்கூட்டியை விற்கப்போகிறார் என்றால் போய் மறியும். வெள்ளிக்கிழமை அதில் போகட்டும்.

ஹெல்மெற்றோடு கணுக்காலுக்கு மேலே வருகிற சப்பாத்தாகப் பார்த்து எடும். பனங்கருக்கு கிழிக்கிற உயரம் அதுதான்.