ஒற்றை 5, இரட்டை 16 என்று வருகிறது, எங்கே தப்பு?

அவசரக்காரன்: −10 முதல் 10 வரை ஒற்றை எண் எத்தனை, இரட்டை எண் எத்தனை? எனக்கு 5, 16 வருகிறது. விடை 10, 11 என்று போட்டிருக்கிறது. நாலு தடவை பார்த்துவிட்டேன். நாளைக் காலை கொடுக்கணும், யாராவது சொல்லுங்களேன்.

தேன்மொழி: கையால் எண்ணினீர்களா, புரோகிராமா? அதைச் சொல்லுங்கள் முதலில்.

கணக்குப்புலி: எல்லாம் இந்த 0 பண்ணும் வேலை. அது ஒற்றையும் இல்லை, இரட்டையும் இல்லை. விட்டுவிட்டு எண்ணுங்கள்.

தேன்மொழி: 0 = 2 × 0, இரட்டைதான். அதை விட்டாலும் 16 என்பது 15 ஆகுமே தவிர, ஒற்றை 5 அப்படியேதானே நிற்கும்?

செல்வன்: குறை எண்களை விட்டிருப்பார்.

தேன்மொழி: 5 + 16 = 21. மொத்தம் 21 எண்தான். எதுவும் விடுபடவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது.

பழைய வாத்தியார்: அடிப்படையே தெரியாமல் வந்துவிடுகிறார்கள். 1, 2, 3 எல்லாம் இயல் எண்கள். 0 சேர்ந்தால் முழு எண்கள். குறை எண்களும் சேர்ந்தால்தான் முழுக்கள். முழு எண்களில் −7க்கு இடமே கிடையாது.

செல்வன்: ஐயா, அவர் முழு எண் என்று எழுதவே இல்லையே. தவிர, குறை எண்ணையும் சேர்த்தே முழு எண் என்று சொல்கிறவர்கள் நிறையப் பேர்.

பழைய வாத்தியார்: நிறையப் பேர் சொன்னால் தப்பு சரியாகிவிடுமா?

அவசரக்காரன்: மன்னிக்கணும், புரோகிராம்தான். சி மொழி. 2ஆல் வகுத்து மீதி 1 என்றால் ஒற்றை, இல்லாவிட்டால் இரட்டை.

தேன்மொழி: அதானே பார்த்தேன்! சி-யில் −7ஐ 2ஆல் வகுத்தால் ஈவு −3, மீதி −1. அது 1 இல்லை என்பதால் இரட்டைப் பக்கம் போய்விடுகிறது. −1, −3, −5, −7, −9 ஐந்தும் அப்படித்தான் போயின. 11 + 5 = 16. மீதி 0 என்றால் இரட்டை, இல்லாவிட்டால் ஒற்றை என்று மாற்றுங்கள்.

செல்வன்: பைத்தான் மொழியில் அவருடைய பழைய நிபந்தனைக்கே 10, 11 வருகிறது. அங்கே −7க்கு ஈவு −4, மீதி 1.

பழைய வாத்தியார்: அதுதான் கணிதம். மீதி குறை எண்ணாக வரவே கூடாது. சி தப்பு.

தேன்மொழி: 2 × (−3) − 1, 2 × (−4) + 1 இரண்டுமே −7தான் ஐயா. 1999 தரநிலை வரும்வரை சி-யில் இரண்டில் எது என்பது கம்பைலர் (புரோகிராமை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள்) இஷ்டம்.

அவசரக்காரன்: 10, 11 வந்துவிட்டது. நன்றி.

கணக்குப்புலி: சரி, 0 இரட்டை என்றே வைத்துக்கொள்வோம். அப்போ அது பகு எண்ணா, பகா எண்ணா?

தேன்மொழி: இரண்டும் இல்லை. 1-உம் அப்படித்தான். அதற்குத் தனி இழை போடுங்கள், புலி.