பேக்ஹோ, சப்ஃபிரேம்: தமிழில் என்ன? (வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்)

கோவை மொழிபெயர்ப்பாளர்:
அனைவருக்கும் வணக்கம். மினி டிராக்டரின் பின்னால் மாட்டி மண் தோண்டும் கருவியான பேக்ஹோவுக்கான கையேடு ஒன்று கையில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். தலைப்பில் உள்ள இரண்டுக்கும் சொல் தேவை. இரண்டாவதான சப்ஃபிரேம்தான் உயிர்போகும் விஷயம். கலப்பை மாட்டுகிற பின்பக்க மூன்று புள்ளி இணைப்பான திரீ பாயிண்டிலேயே பேக்ஹோவை மாட்டினால் செலவு குறைவு. ஆனால் வாளி பாறையில் சிக்கி இழுக்கும்போது விசை முழுக்கப் பின் அச்சை மூடியிருக்கும் கூடான ஹவுசிங்கில் இறங்கும். சின்ன வண்டி என்றால் ஹவுசிங் விரிசல் விடும். திரீ பாயிண்ட் கைகள் தூக்குமே தவிர கீழே அழுத்திப் பிடிக்காது. அதனால் கருவி மேலெழும்பி, இருக்கையில் இருப்பவரை வண்டியோடு சேர்த்து நசுக்கிவிடவும் கூடும். சப்ஃபிரேம் என்ற இரும்புத் தாங்கி வண்டிக்கு அடியில் பின் அச்சிலிருந்து முன்பக்கம் வரை ஓடி அந்த விசையை வாங்கிக்கொள்ளும். படித்ததும் விவசாயிக்கு இது விளங்க வேண்டும்.

மதுரை தமிழாசிரியர்:
அன்பருக்கு, 'பின்' என்று தொடங்கும் எந்தச் சொல்லையும் ஏற்காதீர்கள். பேக்ஹோவில் உள்ள 'பேக்', பொறி பின்னால் இருப்பதால் வந்ததல்ல. தன்னை நோக்கி இழுத்துத் தோண்டுவதால் வந்தது. தோண்டுவதற்கு நம்மிடம் வேருக்கா பஞ்சம்? அகழ், கல்லு, பறி, எல்லாவற்றுக்கும் மேலாகத் தொடு. 'தொட்டனைத் தூறும் மணற்கேணி' (குறள் 396) என்பதில் தொடுதல் தோண்டுதலே. ஆகவே 'தொடுபொறி'. கல்லுதலிலிருந்தே கல்வி வந்தது என்பது என் நெடுநாள் துணிபு. அக்குறளில் கேணியும் கல்வியும் அடுத்தடுத்து நிற்பதை நோக்குக. விரிவாக நாளை எழுதுகிறேன்.

சென்னை கணித்தமிழ் ஆர்வலர்:
ஐயா, தொடுதிரை வந்து எத்தனையோ வருஷமாச்சு. கடையில் போய்த் 'தொடுபொறி' கேட்டால் செல்போனைத்தான் எடுத்து நீட்டுவான். என் முன்மொழிவு 'அகழ்கை'. பூம், ஆர்ம், வாளி மூன்றும் சேர்ந்தால் தோள், முழங்கை, உள்ளங்கை மாதிரித்தானே இருக்கிறது?

மதுரை தமிழாசிரியர்:
வருகை, செய்கை, அகழ்கை. 'கை' இங்கே தொழிற்பெயர் விகுதி. 'அகழ்கையைக் கழற்றவும்' என்று எழுதினால் தோண்டும் செயலைக் கழற்றுவதா?

சென்னை கணித்தமிழ் ஆர்வலர்:
இரட்டுற மொழிதல் என்று வைத்துக்கொள்ளுங்கள் ஐயா.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாசகி:
எங்கட பக்கம் எல்லாரும் 'பெக்கோ' எண்டுதான் சொல்லுறது. செய்தியிலயும் 'பெக்கோ இயந்திரம்' எண்டே வரும். 'ஹ' இல்லாமல் வாயில நல்லா வருது. வடசொல்லுக்கே தொல்காப்பியர் வழி விட்டிருக்கிறார், பெக்கோவுக்கு ஏன் மறிக்கிறியள்?

பொள்ளாச்சி தென்னை விவசாயி:
ஏனுங்க, டயர் போட்டது வந்தா ஜேசிபி, செயின் போட்டது வந்தா இட்டாச்சி, பேப்பர்ல எது வந்தாலும் பொக்லைன். இவ்வளவுதான் எங்க ஊர்ல. சொல்லைவிடப் பம்பு பத்திப் பெருசா எழுதச் சொல்லுங்க. சின்ன வண்டியோட சொந்த ஹைட்ராலிக்ல ஆயில் ஓட்டம் பத்தாதுங்க, பூம் தூங்கித் தூங்கி ஏறும். பிடிஓ-ல, அதான் டிராக்டருக்குப் பின்னால சுத்துற தண்டுல, மாட்டுற பம்பு, அதுக்குன்னு தனி ஆயில் டேங்க், இது இருந்தாத்தான் வேலை நகரும். நம்ம பிடிஓ நிமிஷத்துக்கு 540 சுத்து, பம்பு அதுக்கு ஏத்ததான்னு பார்த்து வாங்கோணும். சொட்டுநீர் மெயின் பைப் பதிக்க ஒரடி அகல வாளி போதும். பெரிய வாளியைப் போட்டுட்டு வண்டி திணறுதுன்னு சொல்லக் கூடாதுங்க.

மதுரை தமிழாசிரியர்:
ஜேசிபி என்பது கருத்தாவாகுபெயர். ஜோசப் சிரில் பாம்ஃபோர்டு 1945இல் தொடங்கிய நிறுவனத்துக்கு வைத்தது அவருடைய முதலெழுத்துகளை. செய்தவன் பெயர் செய்பொருளுக்கு ஆகிவந்தது. பொக்லைனும் ஒரு பிரெஞ்சு நிறுவனத்தின் பெயரே. இலக்கணம் தடுக்கவில்லை, என் மனம்தான் தடுக்கிறது.

கோவை மொழிபெயர்ப்பாளர்:
இன்று வியாழன். கையேட்டில் வேறொரு கம்பெனியின் பெயரைப் போட முடியாது, ஆகவே ஜேசிபியும் பொக்லைனும் கழிந்தன. சப்ஃபிரேமுக்குத் 'துணைச்சட்டம்' போடட்டுமா?

சென்னை கணித்தமிழ் ஆர்வலர்:
வேண்டாம். அரசாங்கச் சட்டம் மாதிரி இருக்கிறது, பஞ்சாயத்து யூனியன் நினைவுதான் வரும்.

பொள்ளாச்சி தென்னை விவசாயி:
'அடிச்சட்டம்'னு போடுங்க. கதவுச் சட்டம், கட்டில் சட்டம் எல்லாருக்கும் தெரியும். பட்டறைக்காரனுக்கும் புரியும்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாசகி:
அடிச்சட்டம் நல்லது. பெக்கோவை மறந்துபோடாதேங்கோ.

கோவை மொழிபெயர்ப்பாளர்:
முடிவு: அட்டையில் 'பேக்ஹோ', உள்ளே 'அகழ்கை', சப்ஃபிரேம் 'அடிச்சட்டம்'. 'அடிச்சட்டம் இல்லாமல் திரீ பாயிண்டில் மட்டும் மாட்டாதீர்கள்' என்ற வரி பெரிய எழுத்தில் போகிறது. எண்ணிப் பார்த்தால் அகழ்கைக்கு இரண்டு பேர், எதிர்ப்பு ஒருவர், மற்றவர்களுக்குக் கவலையில்லை. பெக்கோவை இலங்கைப் பதிப்பு வந்தால் பார்க்கலாம். தோண்டும்போது இருபக்கமும் இறக்கி ஊன்றும் ஸ்டெபிலைசருக்கு 'முட்டுக்கால்' என்று வைத்துவிட்டேன்.

மதுரை தமிழாசிரியர்:
அகழ்கைக்கு என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். முட்டுக்கால் என்பது நடக்கையில் முழங்கால் இடிப்பவருக்குச் சொல்வது. 'ஊன்றுகால்' எனத் திருத்துக. கல்வி, கல்லுதல் பற்றிய கட்டுரை தனி மடலில் வருகிறது, நான்கு பகுதிகள்.

பொள்ளாச்சி தென்னை விவசாயி:
ஊன்றுகால் சரிங்க. அப்படியே அதுக்கடியில பலகை வைக்கச் சொல்லி ஒரு வரி எழுதுங்க, ஈர மண்ணுல பொதபொதன்னு இறங்கிரும்.